இடைவேளையில் வந்த தந்தி

என் மகனுக்கு,

கோயில் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கேட்டார். "அக்கா, உங்கட மகன் வெள்ளையளுக்கே பாட்டு நடத்துற ஆள். எங்கட பிள்ளையளும் அறியவேணும். ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ, படம் பெரிசாப் போடுறம்" என்றார். அவன் பாட்டு நடத்துவதில்லை, இசைக்குழுவை நடத்துகிறான் என்று திருத்தினேன். "ஓம் அக்கா, அதைத்தானே நானும் சொல்லுறன்" என்றார். பெருமையோடு சம்மதித்தேன். பெருமைக்கு என்னிடம் ஒருநாளும் பஞ்சமில்லை என்பது உனக்குத் தெரியும். மேசையைத் துடைத்து, கோடு போட்ட கொப்பியை விரித்து, மூன்று தடவை தொடங்கினேன். மூன்று தடவையும் அந்த அமெரிக்க இசைநடத்துநரிடமிருந்துதான் தொடங்க முடிந்தது. அவரை விட்டுவிட்டு உன் கதையை எழுத முடியாது. மூன்று தடவையும் உன் அப்பா இறந்த கோடைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்தக் கோடையைத் தாண்டி நான் எழுதும் எந்தப் புகழ்ச்சியும் பொய்யாகத்தான் இருக்கும்.

ஆகவே கட்டுரை கடிதமாகிவிட்டது. மலருக்குப் போவதற்கு முன் இது உனக்கு வருகிறது. வாசித்துவிட்டு, அச்சிடலாம் என்று நீ சொன்னால் அச்சிடட்டும். பிள்ளைகளைத் தூர இடங்களுக்கு அனுப்பிய வேறு தாய்மாரும் வாசிக்கட்டும். வேண்டாம் என்றால் உன்னோடு இருக்கட்டும். மூன்று வருடமாக நான் சொல்லும் எதையும் நீ நம்புவதில்லை. அதற்கு உனக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை நான் ஒருநாளும் வாய்திறந்து ஒப்புக்கொண்டதில்லை. மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. அது உன்னிடம் இருந்தால் தருவாய், இல்லாவிட்டால் இல்லை. கடைசியில் நான் சொல்லப்போகும் ஒரு விடயத்தை நீ நம்பவேண்டும். அதற்காகப் பழையதை முதலில் ஒழுங்காகச் சொல்லவேண்டியிருக்கிறது.

அந்த அமெரிக்கரை நம் வீட்டுக்குக் கூட்டிவந்தது உன் அப்பா. அவர் இந்த நாட்டுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் டாவோஸ் என்ற மலை ஊரில் ஒரு ஹோட்டலில் சட்டி கழுவினார் என்பது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி முடித்தால், மத்தியானச் சட்டிகள் வருவதற்கு இடையில் ஒரு மணித்தியாலம் ஓய்வு. வேலையாட்கள் சாப்பிடும் அறையில் சிறிய தொலைக்காட்சி ஒன்று இருந்தது. அதில் ஒரு பழைய அமெரிக்க நிகழ்ச்சி போகும். பெரிய இசைக்குழுவின் முன் ஒருவர் நிற்பார். மண்டபம் நிறையச் சின்னப் பிள்ளைகள். அவர் ஒன்றைக் கேட்பார், பிள்ளைகள் கத்துவார்கள், அவர் சிரித்துக்கொண்டே திரும்பி இசைக்குழுவுக்குக் கையைக் காட்டுவார், விடை இசையாக வரும். உன் அப்பாவுக்கு அப்போது ஆங்கிலமும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. ஆனாலும் அந்த மனிதர் கற்பிக்கிறார் என்பது விளங்கிவிட்டது. "எங்கட கணக்கு மாஸ்ரர் மாதிரி. என்ன, இவர் அடிக்கிறேல்ல" என்று பிற்காலத்தில் சொல்லுவார். அன்றிலிருந்து நம் வீட்டில் அவருக்கு மாஸ்ரர் என்றுதான் பெயர்.

நான் வந்து சேர்ந்து, பூம்ப்ளிஸ் என்ற இந்த ஊரில் வீடு எடுத்து, நீ பிறந்து நடக்கத் தொடங்கிய காலத்தில், ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அதே நிகழ்ச்சியின் வீடியோ கசெற்றுகள். ஏழு இருந்தன, நான்காவது மட்டும் இல்லை. சைவப் பிள்ளையாக இருந்தும் நான் கன்னியர் மடத்தில் படித்தவள். ஊரில் பத்து வருடம் ஆங்கிலம் கற்பித்தவள். இங்கே வந்து மருத்துவமனைச் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடித்தேன். என் ஆங்கிலத்துக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே வேலை அந்தக் கசெற்றுகளை உன் அப்பாவுக்கு மொழிபெயர்த்ததுதான். "நிப்பாட்டும், நிப்பாட்டும். மாஸ்ரர் இப்ப என்ன சொன்னவர்?" என்பார். ஒரே மெட்டு வேறு வேறு வாத்தியத்தில் போகும்போது அதன் குணம் மாறுகிறது என்கிறார் என்று நான் சொல்வேன். "அப்ப நீர் பாடுற தேவாரத்தை நான் பாடேக்க சண்டை மாதிரிக் கேக்கிறது அதாலதான்" என்பார். நீ இடையில் இருந்து இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாய்.

மாஸ்ரரின் வரலாற்றை நான் பிறகு புத்தகத்தில் வாசித்தேன். கப்பலேறி வந்த தையற்காரர் ஒருவரின் மகன். அயலவர்கள் வீடு மாறிப் போகும்போது விட்டுச் சென்ற, பாதிக் கட்டைகள் வேலை செய்யாத பியானோவில் பழகியவர். தகப்பனுக்கு மகன் தையற்கடையைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. அவரோ இசையை விடவில்லை. பெரிய மண்டபங்களுக்கும் எழுதினார், ஆட்டமும் பாட்டுமாக மேடை நாடகங்களுக்கும் எழுதினார். பெரிய மண்டபத்து ஆட்கள் அவரை மேடைக்காரர் என்றார்கள். மேடைக்காரர்கள் அவரைப் பேராசிரியர் என்றார்கள். தான் எழுதிய இசைக்காகத் தன்னை நினைக்க வேண்டும் என்று கடைசிவரை விரும்பினாராம். உலகம் நினைத்ததோ அவர் கைகளைத்தான். அவர் மேடையில் துள்ளுவதும் வியர்ப்பதும் கண்ணை மூடிக்கொண்டு முனகுவதும் எனக்குப் பிடித்ததில்லை. எங்களுக்குப் பியானோ கற்பித்த சிஸ்டர் கைமுதுகில் சதக்குற்றி நாணயம் ஒன்றை வைத்து, அது விழாமல் வாசிக்கச் செய்தவர். மாஸ்ரரின் மேல் ஒரு மூட்டை சதக்குற்றியைக் கொட்டினாலும் ஒன்றும் நின்றிருக்காது. ஆனால் அவர் கையை உயர்த்திவிட்டு, முதல் ஒலி வருவதற்கு முன், ஒரு கணம் அசையாமல் நிற்பார். அந்தக் கணத்தில் மட்டும் அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆறு வயதில் நீ கசெற்றுக்கு முன்னால் நின்று அகப்பைக்காம்பை வீசினாய். "எல்லாரும் வாசிக்கினம். சத்தமே போடாமல் நிக்கிற ஆள் இவர் ஒராள்தான். கடைசியில கைதட்டு இவருக்கோ?" என்று அப்பா உன்னைச் சீண்டினார். நீ திரும்பாமலே, "அப்பா, கதைக்காதேங்கோ, வயலின் வரப்போகுது" என்றாய். சரியாக வயலின் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். அடுத்த கிழமையே உன்னை இசைப்பள்ளியில் சேர்த்தோம்.

அதற்குப் பிறகு உன்னை வளர்த்ததில் பாதி என் கண்டிப்பு. அதற்கு நான் வெட்கப்படவில்லை. ஆனால் ஒரு நாளுக்கு வெட்கப்படுகிறேன். உயர்பள்ளியின் கடைசி வருடம், மாணவர் இசைக்குழுவை நீ முதன்முதலாக நடத்திய அன்று, டிராமில் திரும்பி வந்தோம். நீ எதிர் இருக்கையில் இருந்தாய், காது இன்னும் சிவந்திருந்தது. நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தாய். "இடது சட்டைக்கை பொத்தான் பூட்டேல்ல. ரெண்டாவது வரிசையில இருந்து தெரிஞ்சுது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்பா உன் முழங்காலில் தட்டி, "பொத்தானோ வாசிச்சது? நல்லாத்தான் செய்தவன்" என்றார். இப்போது உன் கீழ் அறுபது பேர் வாசிக்கிறார்கள். ஒருவர் பிழைவிட்டால் அன்றே சொல். சரியாகச் செய்தால் அதையும் அன்றே சொல். எனக்கு இதில் முதல் பாதிதான் வந்தது.

மாஸ்ரரின் வரலாற்றுப் புத்தகத்தை உன் இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வாங்கி, தருவதற்கு முன் நானே வாசித்தேன். அதில் ஒரு சம்பவம் இருந்தது. அவர் இளைஞராக இருந்தபோது, வெளியூரில் ஒரு கச்சேரி. இடைவேளையில் தந்தி வந்தது: தகப்பன் இறந்துவிட்டார். மாஸ்ரர் அதை வாசித்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, மேடைக்குத் திரும்பி இரண்டாம் பாதியையும் நடத்தி முடித்தார். எனக்கு உடல் சிலிர்த்தது. சிஸ்டர்மார் எங்களுக்குப் போதித்த கடமை இதுதான் என்று தோன்றியது. உன்னிடம் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன், நினைவிருக்கும். அதற்கு அடுத்த அதிகாரம் அவருடைய குடும்ப வாழ்க்கை, குடி, சிகரெட், பிரிவுகள் என்று தொடங்கியது. பிறருடைய அந்தரங்கத்தை வாசிப்பது மரியாதை இல்லை என்று அத்துடன் மூடிவிட்டேன்.

இனி அந்தக் கோடை. அமெரிக்காவில் காட்டுக்கு நடுவே ஏரிக்கரையில் மாஸ்ரர் தொடங்கிவைத்த கோடைப் பள்ளிக்கு நீ தெரிவானாய். அவர் இறந்து இத்தனை வருடமாகியும் அவருடைய முறையில்தான் அங்கே கற்பிக்கிறார்கள் என்று எழுதினாய்: இசைநடத்தும் கோலைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியையும் வாயால் பாடிக்காட்ட வேண்டுமாம். தகப்பன் இறந்த பிறகு மாஸ்ரர் எழுதிய மெதுவான இசை ஒன்றைப் பற்றியும் சொன்னாய். அதை அவர் தன் கையால் ஒருமுறைகூட நடத்தவில்லையாம். மாணவர் ஒருவரை நடத்தச் சொல்லிவிட்டு மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து கேட்பாராம். இன்றும் கோடையின் கடைசிக் கச்சேரியில் அதை ஒரு மாணவர்தான் நடத்துவார். அந்த வருடம் நீ. நீ சொன்னதில் நான் காதில் போட்டுக்கொண்டது அந்தக் கடைசிச் சொல்லை மட்டும்தான். நம்முடைய பிள்ளை தெரிவாகியிருக்கிறான். அயலில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னேன்.

கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருதயம் களைத்துவிட்டது, நுரையீரலில் நீர் என்றார்கள். உனக்கு நான் தடிமன், வெறும் சளி என்றேன். திங்கட்கிழமை பெரிய டொக்டர் என்னை இருத்திவைத்து, இது நாட்கணக்குத்தான், பார்க்கவேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்றார். திரிம்பாக் என்ற ஊரிலிருந்து உன் சித்தப்பா வந்திருந்தார். ஆஸ்பத்திரிக் கோப்பிக் கடையில் வைத்து அவர் சொன்னார்: "அண்ணி, பொடியனுக்குச் சொல்லுங்கோ. பிளேன் பிடிச்சா நாளையிண்டைக்கு வந்திடுவான்."

"சனிக்கிழமை அவனுக்குக் கச்சேரி. முடியட்டும்" என்றேன்.

"அண்ணை சனிக்கிழமை வரைக்கும் இருப்பாரோ?"

"டொக்டர்மார் சொல்லுறதெல்லாம் நடக்கிறேல்ல. அவன் இவ்வளவு காலம் பாடுபட்டது இந்த ஒரு நாளுக்கு. இப்ப சொன்னா எல்லாத்தையும் போட்டிட்டு ஓடி வருவான்."

"வரட்டுமன் அண்ணி. தகப்பனைப் பாக்கத்தானே வாறான்."

"நீங்கள் இதில தலையிடாதேங்கோ."

அவர் கோப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "நீங்கள் படிச்சனீங்கள். நான் என்னத்தைச் சொல்ல" என்றார். அவருடைய மகளுக்கும், லண்டனில் உள்ளவர்களுக்கும், கனடாவில் உள்ளவர்களுக்கும் உன்னிடம் வாய்விடக் கூடாது என்று நானே கட்டளை போட்டேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. நம்மவர்களுக்கு இது புதிதா? பரீட்சை முடியட்டும், கலியாணம் முடியட்டும், விசா கிடைக்கட்டும் என்று எத்தனை சாவுகளைப் பொத்தி வைத்திருக்கிறோம். உன்னை நான் வயிற்றில் சுமந்தபோது ஊரில் என் அம்மா இறந்துபோனார். உன் அப்பா ஒரு மாதம் எனக்கு மறைத்தார். அந்த மாதம் நான் அம்மாவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று இரண்டையும் அவர்தான் வாங்கிக்கொண்டு போனார். பிறகு தெரிந்தபோது, என் நன்மைக்குத்தானே என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் இறந்த ஒருத்திக்கு, கால் வீக்கம் எப்படி அம்மா என்று கேட்டு எழுதியதை நினைத்து இன்றுவரை கூசுகிறேன். இது எனக்குத் தெரிந்திருந்தது, தம்பி. தெரிந்திருந்தும் உனக்குச் செய்தேன்.

இனி எழுதுவது உனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கு மட்டும் தெரியும்; அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டார். அப்பா கடைசி நாட்களில் நினைவில்லாமல் இருந்தார், யாரையும் கேட்கவில்லை, நீ வந்திருந்தாலும் உன்னைத் தெரிந்திருக்காது என்று உன்னிடம் சொன்னேன். அது உண்மை இல்லை. வியாழக்கிழமை பின்னேரம் வரைக்கும் அவர் தெளிவாக இருந்தார். புதன்கிழமை காலை, "தம்பிக்குச் சொன்னீரோ?" என்று கேட்டார். "சொன்னனான். வாறான்" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப என்ர கண்ணாடியைக் கழுவித் தாரும். அவன்ர முகத்தை வடிவாப் பாக்கவேணும்" என்றார். நான் குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். அன்று முழுக்க அதைக் கழற்றவில்லை. தாதி சுவாசக் குழாயை மாற்றும்போதும் கழற்ற விடவில்லை.

அன்றுதான் நீ தொலைபேசி எடுத்தாய். நான் அதோடு நடைகூடத்துக்கு வந்தேன். "அப்பாட்டக் குடுங்கோ" என்றாய். தொண்டை கட்டியிருக்கிறது, கதைக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். "அப்ப காதில வையுங்கோ அம்மா. நான் கதைக்கிறன், அவர் கேக்கட்டும்" என்றாய். நித்திரை என்றேன். நான் நின்ற இடத்திலிருந்து ஆறு அடியில், திறந்த கதவுக்கு உள்ளே, அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

வியாழக்கிழமை, "பிளேன் பிந்திப்போச்சோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டார்.

மரண அறிவித்தலை ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்று சொல்லிவைத்தேன். உன் கச்சேரி முடிந்து, நீ ஒரு நித்திரை கொண்டு எழும்பிய பிறகு, நானே உனக்குச் சொல்லுவதாகத் திட்டம். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டேன் என்று நினைத்தேன். நான் நேரில் பார்த்தேயிராத உறவு ஒன்று, கனடாவில், சனிக்கிழமையே இணையத்தில் அப்பாவின் படத்தை விளக்கோடு போட்டுவிட்டது. நீ மேடையிலிருந்து இறங்கி, கையில் பூச்செண்டோடு தொலைபேசியைத் திறந்தபோது, முன்பின் தெரியாத ஒருவருடைய ஆழ்ந்த அனுதாபங்கள் உனக்கு வந்திருந்தன. நீ எனக்கு எடுத்தாய். அழவில்லை. "எப்ப?" என்றாய். "வெள்ளிக்கிழமை காலமை" என்றேன். பின்னால் யாரோ ஆங்கிலத்தில் உன்னை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். பிறகு நீ சொன்னாய்: "தகப்பனுக்கு எழுதின இசை, அம்மா. நான் அதைச் சந்தோஷமா நடத்தினனான்."

நீ வந்தாய். செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தாய். ஒரு கிரியையில் ஒரு பிழை இல்லை. முப்பத்தோராம் நாள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, நான் உனக்கு நியாயம் சொல்ல வந்தேன். மாஸ்ரரும் அப்படித்தானே செய்தார், தந்தியை வாசித்துவிட்டு மேடைக்குத் திரும்பினார்தானே, அதுதானே பெரிய மனிதர்களின் வழி என்றேன். நீ வாழையிலைகளை மடித்துக் கறுத்தப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாய்: "அவருக்குத் தந்தியைக் கையில குடுத்தவை, அம்மா."

அது சரி என்று அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை. நன்றி கெட்டவன் என்று மனதுக்குள் திட்டினேன். நீ ஜெர்மனியில் அந்தச் சிறிய நகரத்து இசைக்குழுவில் வேலைக்குப் போனாய். மாதத்தின் முதல் ஞாயிறு பத்து நிமிடம் எடுக்கிறாய். மழையா, மருந்துக் குளிசை எடுத்தீர்களா, படியில் வழுக்குமா என்று கேட்கிறாய். சுகமோ என்று கேட்பாய், சுகம் என்பேன், கொஞ்சம் பொறுத்து, "உண்மையாவோ?" என்பாய். மரியாதை குறையாமல்தான் கேட்கிறாய். ஆனால் ஒரு தாய் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்கு மகன் சாட்சி கேட்க வேண்டிய நிலையை நான்தான் உண்டாக்கினேன். நீ மாஸ்ரரின் இசையை அதற்குப் பிறகு தொடவில்லை என்பதையும் கவனித்தேன். உன் இசைக்குழுவின் நிகழ்ச்சி நிரல்களை ஒவ்வொரு மாதமும் கணினியில் தேடிப் பார்க்கிறேன். மூன்று வருடமாக அவர் பெயர் இல்லை. அப்பா தோளில் சுமந்து வந்த மனிதரை நம் வீட்டிலிருந்து நான் துரத்திவிட்டேன்.

போன குளிர்காலத்தில், நான் மூடிவைத்த அந்த அதிகாரத்தை வாசித்தேன். குடியும் சிகரெட்டும் இருந்தன, நான் பயந்த அளவுக்கு இல்லை. நடுவில் அந்தத் தந்தியைப் பற்றி மீண்டும் வந்தது. வயதான காலத்தில் மாஸ்ரர் ஒருவரிடம் சொன்னாராம்: தந்தி முதலில் மண்டபத்து முகாமையாளரின் கைக்குத்தான் போயிருக்கிறது. அவர் அதைக் கச்சேரி முடியும்வரை மறைத்து வைக்கச் சொன்னார். டிக்கட் எல்லாம் விற்றாகிவிட்டது, இளைஞர் குழம்பிவிடுவார். வாசலில் நின்ற காவலாளிதான், அது எனக்கு வந்ததல்ல, உங்களுக்கு வந்ததுமல்ல, அவருக்கு வந்தது என்று முகாமையாளரிடம் சொல்லி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் காவலாளிக்கு வேலை போய்விட்டதாம். அவர் சாகும்வரை மாஸ்ரர் ஒவ்வொரு வருடமும் அவரைத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார். மேடைக்குத் திரும்பியது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது, ஆனால் அது என் முடிவு, அதனால்தான் அதோடு வாழ முடிந்தது என்றாராம்.

பத்து வருடமாக அந்தக் கதையில் என்னை மாஸ்ரரின் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். நான் முகாமையாளர். டிக்கட் விற்றுவிட்ட முகாமையாளர். உன் கச்சேரி உனக்காக என்று சொன்னேன்; அயலில் சொல்லித் திரிந்தது நான். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்த இரண்டு நாளும், நீ அவரைப் பார்க்கும் உரிமையையும் அவர் உன்னைப் பார்க்கும் உரிமையையும் நான் என் பெருமைக்குக் கொடுத்தேன். இதை வேறு எப்படித் திருப்பி எழுதினாலும் இதைவிட அழகாக வரவில்லை.

இப்போது நான் சொல்லவேண்டியது. மூன்று கிழமைக்கு முன் குடலில் ஒரு கட்டி இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். நல்ல கட்டி இல்லை. ஈரலிலும் ஒரு நிழல் தெரிகிறது. அது என்ன என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறார்கள். டொக்டர் இளம் பெண், உன் வயதுதான் இருக்கும். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு மகன், ஜெர்மனியில், இசைநடத்துநர் என்றேன். அந்த நேரத்திலும் அதைச் சொல்லத் தவறவில்லை. அவருக்குத் தெரியுமா என்றார். "அவனுக்கு இந்த மாதம் வேலை கூட. எல்லாம் முடியட்டும், பிறகு சொல்லலாம்" என்றேன். சொல்லிவிட்டு, என் குரலை நானே கேட்டேன். அந்தக் கோப்பிக் கடையில் சித்தப்பாவிடம் சொன்ன அதே குரல், அதே அமைதி. டொக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்து உடனே உனக்குச் சொல்லிவிடவில்லை. நடுவில் முதல் ஞாயிறு வந்தது. சுகம் என்றேன். நீ "உண்மையாவோ?" என்று கேட்டாய். உண்மையாக என்றேன். அது பொய். அதையும் இதோ எழுதிவிட்டேன்.

சத்திரசிகிச்சை அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு. அதற்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, உனக்குக் கச்சேரி. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு மாஸ்ரரின் பெயர் இருக்கிறது, அந்த மெதுவான இசை. அதை நடத்த உனக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வா என்று சொல்ல மாட்டேன். வராதே, கச்சேரியைச் செய் என்றும் சொல்ல மாட்டேன். வாய்வரைக்கும் வருகிறது, சொல்ல மாட்டேன். சித்தப்பா என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவார். நீ வந்தாலும் வராவிட்டாலும் அவரிடமோ அயலிலோ உன்னைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்லமாட்டேன்.

நான் எழுதுவதை நீ நம்பவேண்டியதில்லை. இந்த உறையில் டொக்டரின் அறிக்கையின் பிரதி இருக்கிறது. அதோடு நான் கையெழுத்திட்ட ஒரு படிவம்: என்னைப் பற்றி எதை நீ கேட்டாலும், எந்த நேரம் கேட்டாலும், அவர்கள் என்னிடம் கேட்காமலே உனக்குச் சொல்லலாம். டொக்டரின் நேரடி எண்ணும் இருக்கிறது. அவரை எடு. நான் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார். ஏதாவது குறைத்துச் சொல்லியிருந்தால் என்னிடம் கேள். டொக்டரிடம் இல்லாதது ஒன்றுதான் இருக்கிறது, அதை நான்தான் சொல்லவேண்டும்: எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. உன் அப்பாவுக்குக்கூட நான் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

அம்மா